வெயிலில் பிடித்துப் பார்த்த தார்ப்பாய்

தம்பி, நீ இதைப் படிக்கும் நேரத்தில் காற்று நின்றிருக்கும் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது வியாழக்கிழமை காலை. 2011 முடிய இரண்டு நாள் பாக்கி. கடலூரில் வானம் ஒரு மாதிரி மஞ்சளாக இருக்கிறது. அடிபட்ட இடத்தில் நாலாம் நாள் தோல் மாறுமே, அந்த நிறம். துறைமுகத்தில் புயல் கூண்டின் எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார்களாம். கடைக்கு எதிரே கம்பியில் உட்காரும் காக்கைகளில் ஒன்றையும் காணோம். டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்து பெஞ்சை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, "மாமா, இது வேற தினுசா வருது, நீங்களும் ஷட்டர எறக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கொடுக்க வேண்டிய சில்லறையைக்கூட வாங்காமல் போனார். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

நீ சிதம்பரத்திலிருந்து காலையில் போன் பண்ணி, "அப்பா, புதுத் தார்ப்பாய வெளிய எடுக்காதீங்க, ரெண்டாம் தேதி புக்கிங் இருக்குது, இந்தக் காத்துல உட்டா நாசமாயிடும்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். சரி என்று சொல்லும்போதே அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். போனில் உன்னிடம் பேச முடியாது. நான் ஆரம்பிக்கும் வாக்கியத்தை நீ முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பிப்ரவரியில் உனக்குக் கல்யாணம். ஊரில் எல்லா அப்பனும் மகனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வானே என்று ஒரு மாதமாக நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன் வாத்தியாராக இருக்கிற மகனுக்குப் புத்தி எழுதினால், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவாயோ என்று மூடி வைத்துவிட்டேன். இன்றைக்குத்தான் எழுத விஷயம் கிடைத்தது. பெண்டாட்டியை எப்படி நடத்த வேண்டும் என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொள். அதில் அவளுக்குத்தான் அனுபவம், நான் நடத்தப்பட்டவன். நான் எழுதப்போவது கொடுப்பதைப் பற்றி. நான் அதிகமாகத் தோற்ற பாடம் அதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கைவிட அதிகம்.

நம் பந்தல், பாத்திர வாடகைத் தொழிலில் தார்ப்பாயை எப்படிச் சோதிப்போம் என்று உனக்குத் தெரியும். உச்சி வெயிலில் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொள்ள, ஒருவன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அது வழியாக வெயில் மினுக்கும். "அண்ணே, எத்தினி நட்சத்திரம்?" என்று மூலையில் பிடித்திருப்பவன் கேட்பான். ஐந்துக்குள் இருந்தால் ஒட்டுப் போட்டு முகூர்த்தத்துக்கு அனுப்புவோம். அதற்கு மேல் இருந்தால் அது சாவு வீட்டுக்கு. அழுகிறவன் மேலே பார்க்க மாட்டான் என்பது தொழில் ரகசியம். வானமே நிறைய நட்சத்திரம் என்றால் கிடங்கின் பின்பக்கம் போகும். சின்ன வயதில் நீ அடியில் நின்று எண்ணுவேன் என்று அடம்பிடிப்பாய். நீ எண்ணியதுதான் சரியாக இருக்கும்.

2004-ல் கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை நாம் ஆராதனைக்குக் கோயிலில் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பாட்டு பாதியில் நின்று எல்லோரும் ஓடினோம். நீ அப்போது பிளஸ் டூ. அடுத்த நாள் கூடிய விசேஷ ஆராதனையிலேயே போதகர் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்: கடலோரத்து ஜனங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வெட்டவெளியில் கிடக்கிறார்கள், தார்ப்பாய் வேண்டும். நான் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "எங்கிட்ட இருக்கறது எல்லாம் ஆண்டவருடையது" என்றேன். சபையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த அளவுக்கு நன்றாகப் பேசுவேன்.

பிறகு கிடங்குக்கு வந்தேன். தை பிறந்தால் முகூர்த்தம். நல்லதெல்லாம் அதற்கு வேண்டும். ஆண்டவருடையதை எப்படிப் பிரித்தேன் தெரியுமா? கிடங்கு வாசல் வெயிலில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நட்சத்திரம் இல்லாததை வலது பக்கம் போடச் சொன்னேன், அது கடைக்கு. நட்சத்திரம் நிறைந்ததை இடது பக்கம், அது கர்த்தருக்கு. போதாததற்கு, கிழிசலைப் பார்த்துக் கடையின் பேர் கெட்டுவிடக் கூடாது என்று பெயின்டரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றிலும் நடுவில் பெரிய எழுத்தில் நம் கடைப் பெயரும் 'அன்பளிப்பு' என்ற வார்த்தையும் எழுத வைத்தேன். பெயின்ட் கெட்டியாகப் படிந்த இடத்தில் மட்டும் ஓட்டை அடைபட்டுப் போனது.

பேப்பர்காரன் படம் எடுத்துப் போட்டான். படத்தில் நம் பெயர் நன்றாகத் தெரிந்தது. அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் முகம்தான் தெரியவில்லை. நான் ஐந்து பிரதி வாங்கினேன். நீ ஒன்றை வெட்டி பீரோ கதவில் ஒட்டினாய். "எங்கப்பா" என்று உன் சிநேகிதனிடம் காட்டினாய். இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் நான் கதவைப் பாதிதான் திறப்பேன். நீ கவனித்ததில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மழை பெய்தது. அந்தத் தார்ப்பாய் ஒன்றின் அடியில் நாலு மாதக் கைக்குழந்தையோடு ஒரு பொம்பிளை இருந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. போதகர் கேட்டுக்கொண்டார் என்று நான்தான் வேனில் சிதம்பரத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவள் பேசவில்லை. அந்தக் குழந்தையின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பம்பு செட்டில் தண்ணீர் வராமல் காற்று வருமே, அப்படி. வார்டில் டாக்டர் கோபமாகக் கேட்டார்: "எங்கம்மா வெச்சிருந்த புள்ளைய? தலைக்கு மேல ஒரு கூரைகூடவா இல்ல?" நான் கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். "இருக்குது டாக்டர். நல்லாத்தான் இருக்குது. நான்தான் பாத்துக்கல" என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டது. "உதவி செஞ்சவங்க" என்றேன். தம்பி, என் வாயிலிருந்து எத்தனையோ பொய் வந்திருக்கிறது. பந்தல் நாளைக்குக் காலையில் ரெடி என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டு வார்த்தையைப் போல எதுவும் என்னைத் துரத்தியதில்லை.

அந்தப் பொம்பிளை உன் செல்வி அக்காதான். ஏழு வருஷமாக நம் கடையில் அண்டா தேய்க்கிறாள். குழந்தை பிழைத்தது, நித்யா. ஓடினால் இப்போதும் நெஞ்சு விசிலடிக்கும். குளிர் காலத்தில் ஸ்கூலுக்குப் பாதி நாள் போகாது. மீன்பிடிக்கிற குடும்பம் என்ற பட்டியலில் பேர் வரவில்லை என்று அவளுக்கு அரசாங்கம் கட்டிய சுனாமிக் காலனியில் வீடு கிடைக்கவில்லை. ஆற்றோரத்தில் இன்னும் கீற்றுக் குடிசைதான். நான் அவளுக்கு வேலை கொடுத்தேன், தீபாவளிக்குப் புடவை கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

இதையெல்லாம் ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், நேற்று நான் என்னையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். புயல் வருகிறது, செல்வி குடிசைக்கு மேலே போட ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் கிடங்குக்குப் போனேன். கொஞ்ச நேரம் வெயில் வந்தது. பையன்களைக் கூப்பிட்டுப் பழைய தார்ப்பாய்களைத் தூக்கச் சொல்லி அடியில் போய் நின்றேன். இது முகூர்த்தத்துக்கு ஆகும், இது ஆகாது, ஆகாததை அவளுக்கு. உன் அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். "இன்னாங்க, மறுபடியும் நட்சத்திரம் பாக்குறீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்குக் கழுத்தைக் கீழே இறக்க முடியவில்லை.

உன் அம்மாவைக் கவனித்திருக்கிறாயா? உலை கொதித்ததும் அரிசிப் பானையில் கை விட்டு முதலில் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவாள். பிறகுதான் நமக்கு அளப்பாள். சபைக்குப் போகிற பிடியரிசி. நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் செய்கிறதுதான், அதனால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கடை நொடித்துக் கிடந்த வருஷத்தில், "நமக்கே இல்ல, அது எதுக்கு?" என்று கேட்டேன். "கை மறந்துடும்ங்க" என்றாள். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நேற்றுப் புரிந்தது. கொடுப்பது மனசில் இருக்கிற விஷயம் என்று நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். அது கையில் இருக்கிற விஷயம். தினம் திறந்து பழகாத கை ஆபத்து வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மனசு எவ்வளவு அழுதாலும் கை கேட்காது. ஜெபத்தைப் போல, உபவாசத்தைப் போல இதுவும் ஒரு பயிற்சி. பயிற்சி இல்லாதவன் பரீட்சைக்குப் போனால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். நீ முதல் போனஸில் எனக்கு வாங்கிக் கொடுத்த நீலத் தார்ப்பாயை, மடிப்புக்கூடக் கலையாததை, செல்விக்குக் கொண்டுபோகிறேன். நீ கோபப்படுவாய். படு. வேனில் ஏற்றிவிட்டேன். காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இதுவரை கடலிலிருந்து வந்தது, இப்போது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து இழுக்கிறது. யாரோ மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

மத்தியானம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆற்றில் தண்ணீர் மேலே வரவில்லை, கீழே போயிருந்தது. சேறு தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை; உள்ளே போனது திரும்பி வரும். செல்வி குடிசை வாசலில் கீற்றைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நித்யா உள்ளே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தது. விசில் சத்தம் வெளியிலேயே கேட்டது. நான் நீலத் தார்ப்பாயை இறக்கி, கொஞ்சம் பெருமையாகவே, "புதுசும்மா. ஒரு ஓட்ட கெடையாது" என்றேன்.

அவள் கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தாள். "பரவாயில்லியே. இந்தத் தடவ பேரு எங்க எழுதிக்கிறீங்க?" என்றாள்.

நான் குனிந்து தார்ப்பாயின் மடிப்பைச் சரிசெய்தேன். அவளே மேலே சொன்னாள்:

"எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. மழையில படுத்துக்கினு மேல பாத்தா எல்லா எடமும் சொட்டுது, உங்க பேரு இருக்கற எடம் மட்டும் சொட்டல. பாப்பாவ அதுக்கு நேரா படுக்க வெச்சேன். அன்பளிப்புன்ற எழுத்துக்குக் கீழ. அப்பவும் சாரல் வுடல."

"ஏம்மா இத்தன வருஷமா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

தம்பி, காற்றில் நின்றுகொண்டு அந்தச் சேற்றுக்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜெபத்தில் அரை மணி நேரம் பேசுகிற எனக்கு அதற்கு மூன்று வார்த்தைகூட ஒழுங்காக வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தார்ப்பாயைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க தொழில் பண்றவரு. இந்தக் காத்துக்கு இது நிக்குமா? உண்மைய சொல்லுங்க" என்றாள்.

நிற்காது. எனக்குத் தெரியும். பந்தல் போடுகிறவன் எவனுக்கும் தெரியும்: பெருங்காற்றில் குடிசைக்கு மேலே தார்ப்பாய் கட்டினால் அது பாய்மரத்துப் பாய் மாதிரி. கூரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். தெரிந்தேதான் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓட்டையைக் கொடுத்தேன். இன்றைக்கு நல்லதைக் கொடுத்து என் கடனை முடித்துக்கொள்ள வந்தேன். இரண்டு தடவையும் அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் பார்க்கவில்லை. அடியில் நின்று அண்ணாந்து தார்ப்பாயை மட்டும் பார்த்தேன். உனக்கு நான் எழுத நினைத்த நாலு நல்ல வார்த்தையில் இது ஒன்று: கொடுக்கும்போது கொடுக்கிற பொருளைப் பார்க்காதே, வாங்குகிறவர் முகத்தைப் பார். அதை அவள் கேட்ட பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன், என் ஐம்பத்தெட்டாவது வயதில்.

"வூட்டுக்கு வாங்க" என்றேன். அவள் யோசித்தாள். பிறகு நித்யாவைத் தூக்கி வேனில் வைத்தாள். ஒரு பை, ஒரு குடம், மழையில் நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிய ரேஷன் கார்டு. உன் தார்ப்பாயைப் பிரித்துக் குழந்தைக்கு மேலே போர்த்தினோம். புக்கிங்குக்கு முன்னாலேயே அது வேலைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் என்று கேள், சிரிப்பாய். "மாடி ரூம் காலியாத்தானே இருக்கு, அங்க இருந்துக்கட்டும்" என்றேன். கல்நார் ஷீட் போட்ட மாடி. கீழே தளம் போட்ட அறை உனக்கும் வரப்போகிற பெண்ணுக்கும் வெள்ளையடித்து வைத்தது. கட்டிலில் புது மெத்தை, பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை. அது அழுக்காகக் கூடாது என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன் அம்மா மேலே ஷீட்டைப் பார்த்தாள், காற்றில் அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நட்சத்திரம் என்ற வார்த்தையை அவள் இந்தத் தடவை சொல்லவில்லை. உன் அறையின் சாவியை எடுத்துத் திறந்தாள். மெத்தை உறையை அவளே பிரித்தாள்.

இப்போது நித்யா உன் கல்யாண மெத்தையில் படுத்திருக்கிறது. உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டோம். அடுத்தவன் பொருளைக் கொடுத்துத் தான் பேர் வாங்குவது எனக்குப் பழக்கமான வியாதி என்பதால் இதைத் தெளிவாக எழுதுகிறேன்: இது நீ கொடுத்தது. என் கணக்கில் சேர்க்காதே. உன் பெண்டாட்டியிடம் அந்த மெத்தையில் முதலில் படுத்தது யார் என்று மறைக்காமல் சொல்லு. அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார். நல்ல பெண் என்றுதான் உன் அம்மா சொல்கிறாள்.

மணி நாலு. கரண்ட் போய்விட்டது. போன் சிக்னலும் இல்லை. நீ கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய் என்று தெரியும். வெளிச்சம் ஆறு மணி போல இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தென்னை வளைந்து வளைந்து, தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிகிறது. இரைச்சல் காற்றுடையதா கடலுடையதா என்று பிரிக்க முடியவில்லை.

செல்வி இப்போதுதான் சொன்னாள், அவள் வரிசையில் இன்னும் மூன்று குடிசைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றில் நடக்க முடியாத ஒருவர். "வேன் வந்தா வருவாங்கண்ணே. வரலன்னா எங்க போவாங்க?" என்றாள். கேட்டுவிட்டு என் கையைத்தான் பார்த்தாள். நானும் பார்த்தேன். பாதி மூடியிருந்தது.

உன் அம்மா வேன் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். போகாதே என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பயத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகத் தினம் ஒரு பிடி எடுத்தவளுக்கு இன்றைக்கு எடுக்கவேண்டிய பிடி எது என்று தெரிந்திருக்கிறது. எடுக்கப்படுவது நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் உதறல் இருக்கிறது, மறைக்கவில்லை.

இந்த நோட்டை, உன் அம்மா பரணில் ஏற்றி வைத்த அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். வீட்டில் தண்ணீர் கடைசியாகப் போகிற இடம் அது. பீரோ கதவிலிருந்த படத்தைக் கிழித்துவிட்டேன். பசைத் தடம் போகவில்லை, அப்படியே இருக்கட்டும். உன் நீலத் தார்ப்பாய் வேனில்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது ஆட்களுக்கு மேலே பிடிக்க வேண்டும்.

வெயில் வந்ததும் நீ வா. நான் இருந்தால் நாம் சேர்ந்து அதைத் தூக்கிப் பிடிப்போம். இல்லாவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டு மூலையைப் பிடிக்கச் சொல்லி, சின்ன வயதில் நின்ற மாதிரி நீ அடியில் போய் நின்று எண்ணிப் பார். நீ எண்ணினால் சரியாக இருக்கும். நிறைய நட்சத்திரம் தெரிந்தால், அது காற்றில் ஆட்களுக்கு மேலே நின்று கிழிந்தது, உன் அப்பன் போக வேண்டிய குடிசைக்குப் போனான் என்று வைத்துக்கொள். ஒன்றுகூடத் தெரியாவிட்டால், பாதி வழியில் பயந்து எங்கேயோ வேனை ஓரங்கட்டியிருக்கிறான்; அவனைத் தேடிப் பிடித்து, மறுபடியும் முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடு.